முதல் கீறலுக்கு முன்பே மருந்து

ஆசிரியருக்கு,

பெருகிவரும் அறுவைப் பிரசவங்கள் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சை வழியே நிகழ்கின்றன. இந்நிலையில், எண்ணிக்கையைக் குறைப்பதோடு, அறுவைக்கு உள்ளாகும் தாய்மார்களைத் தொற்றிலிருந்து காப்பதைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். முதல் கீறலுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு, செபசோலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஒரே ஒரு முறை செலுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குழந்தைக்கும் மருந்து போய்ச் சேருமே என்ற அச்சத்தால் தொப்புள்கொடியைத் துண்டித்த பிறகே கொடுக்கும் பழைய வழக்கத்தைவிட, இம்முறை தாய்க்கு நோய்த்தொற்றைக் கணிசமாகக் குறைக்கிறது. இதனால் குழந்தைகளுக்குத் தொற்று கூடியதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை.

அறுவை அரங்கில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் தையல் முடிந்த பின்னரே மருந்தைத் தொடங்கி, ஏழு நாள்கள் வரை தொடர்வார்கள். அப்படியும் சீழ் பிடித்த தையலோடு, பச்சைக் குழந்தையை ஏந்தியபடி திரும்பி வந்த பெண்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். தாமதமாகத் தரும் மருந்தை நீட்டித்து ஈடுசெய்ய முடியாது என்பதோடு, தேவையற்ற நாள்கள் மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். எனவே, மருந்து செலுத்திய நேரத்தையும் கீறலிட்ட நேரத்தையும் வீடு திரும்பும் தாயின் மருத்துவக் குறிப்பில் எழுதித் தருவதை, அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்