முப்பது வரிகளையும் படித்துக் காட்டியவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் தடி இருக்கிறது, பேச்சில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கிறது, ஆனால் வந்துவிட்டார். தினமும் உங்களில் யாராவது கேட்டுக்கொண்டே இருந்ததால் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. பேஸ்மெண்டில் தண்ணீர் புகுந்ததையும் அதற்கடுத்து அத்தைக்குப் பக்கவாதம் வந்ததையும் திரும்ப எழுதப் போவதில்லை. கூடவே நின்று பார்த்தவர்கள் நீங்கள். இது நன்றி சொல்ல எழுதும் கடிதம்.

முதலில் ஃப்ரீசர் கொடுத்தவர்களுக்கு. நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைப் பிடித்து இழுத்துப் பிரிக்கக் கூடாது, இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாவிட்டால் உறைய வைத்துவிட வேண்டும் என்று நூலகத்தில் சொன்னபோது எங்கள் வீட்டில் மின்சாரமே இல்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் போன் செய்தேன். தேங்காய்த் துருவலையும் பரோட்டா பாக்கெட்டுகளையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, அத்தையின் ஆல்பங்களுக்கு இடம் கொடுத்தீர்கள். யாரும் "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கவில்லை. பாதிக்கு மேல் படங்கள் பிழைத்துவிட்டன. ஐம்பதுகளின் கடைசியில் கழுவிய படங்களில் வெள்ளை ஓரத்திலேயே மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். அதை வைத்து இப்போது வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆல்பங்களுக்காக ஏன் அப்படித் தவித்தோம் என்று புதிதாக வந்த சிலர் கேட்டீர்கள். அத்தை வளர்ந்த தெரு இன்று பூமியில் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் இருந்த பிளாக் பாட்டம். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் வேறெங்கும் வீடு கிடைக்காமல் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அதன் உயிர் நரம்பு ஹேஸ்டிங்ஸ் தெரு. கடைகள், பாட்டு மேடைகள், தேவாலயங்கள் எல்லாம் அங்கேதான். சேரி ஒழிப்பு என்று சொல்லி ஐம்பதுகளில் வீடு வீடாக இடித்தார்கள். ஹேஸ்டிங்ஸ் தெரு போன வழியில் இன்று கிரைஸ்லர் நெடுஞ்சாலை ஓடுகிறது. இடித்த இடத்தின் ஒரு பக்கம் பல வருடம் வெறும் புல்லாகக் கிடந்து, பிறகு மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லஃபாயெட் பார்க் குடியிருப்பு எழுந்தது. கட்டடக்கலை படிக்கிறவர்கள் அதைப் பார்க்கத் தேடி வருகிறார்கள். அத்தை அந்த வழியாகப் போனால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஊரோ வீடோ இருந்தால் போய்ப் பார்க்கலாம். இவருக்கு இருந்தது அந்த ஆல்பங்களும், பிறந்த நாளும் இறந்த நாளும் எழுதிய குடும்ப பைபிளும்தான். பைபிள் கூழாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அத்தை சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்த நேரங்களில் ஒரே பேச்சு: "அந்தத் தெருவில் நான் இருந்தேன் என்று சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?" டாக்டர் குழப்பம் என்றார். எனக்கு அது குழப்பமாகத் தோன்றவே இல்லை. அவர் கேட்டது மிகத் தெளிவான கேள்வி.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தவரைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

ஓஹாயோவில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் வழிதெரியாமல் நிற்பவர்களுக்கு உதவி செய்வதையே பொழுதாக வைத்திருப்பவர். அமெரிக்கக் கணக்கெடுப்பில் எழுதிய பெயர்கள் 72 ஆண்டுகள் பூட்டியே இருக்கும். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்றுதான் திறந்தன. கையெழுத்தை இயந்திரம் படித்துப் பெயர்ப்பட்டியல் போட்டிருக்கிறது. அத்தை குடும்பத்தின் பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. என் கணவர் தேடினார், சிகாகோவிலிருந்து அவர் சித்தி மகனும் தேடினார். ஒரே ஒரு குடும்பத்தின் நான்கைந்து வரிகள் போதும் என்று நான் இந்த ஆசிரியருக்கு எழுதினேன்.

அவர் பெயரை வைத்துத் தேடவே இல்லை. தெருவும் வீட்டு எண்ணும் நினைவிருக்கிறதா என்று கேட்டார். அத்தைக்கு வீட்டு எண் மறக்குமா! அதை வைத்துப் பழைய வரைபடத்தில் கணக்கெடுப்பு வட்டத்தைக் கண்டுபிடித்து, அந்த வட்டத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரத்தில், குடும்பப் பெயரின் முதல் எழுத்தே மாறிப் பதிவான ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். தாளின் படத்தை அனுப்பிவிட்டு ஒன்று கேட்டார்: "அவரால் இதைப் படிக்க முடியுமா?" முடியாது, பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொன்னேன். "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்து படிக்கிறேன்" என்றார்.

அவர் படித்தது எங்கள் வீட்டு வரிகளை மட்டும் அல்ல. தாள் முழுவதையும் படித்தார். 1950-ஆம் ஆண்டுத் தாளில் பக்கத்துக்கு முப்பது பேர். கணக்கெடுப்பாளர் கதவு கதவாக நடந்து எழுதியது, அதனால் வரிசையாகப் படித்தால் தெருவில் நடந்து போவதுதான். "அம்மா, நீங்கள் தெரு முனையில் நிற்கிறீர்கள், முதல் வீட்டுக்குப் போகலாமா?" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பெயர், வயது, பிறந்த மாநிலம், என்ன வேலை, போன வாரம் எத்தனை மணி நேரம். சொல்லிவிட்டு நிறுத்தினார். அத்தைக்கு வார்த்தை வர நேரமாகும். அவர் அவசரப்படுத்தவில்லை, அந்த வார்த்தையைத் தானே எடுத்துக் கொடுக்கவும் இல்லை. எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. அத்தை சொல்லி முடித்த பிறகு, "அடுத்த பெயர் படிக்கட்டுமா அம்மா?"

இனம் என்ற கட்டத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னார்: "அதில் அந்தக் காலத்துச் சொல்லை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கேட்டால் படிக்கிறேன், இல்லையென்றால் தாண்டிப் போகிறேன்." அத்தை தாண்டச் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கக் கூடிய தாள், இருட்டும்வரை போனது. முனை வீட்டுக்காரரிடம்தான் தெருவின் முதல் டிவி இருந்ததாம். இன்னொரு வரியில் இருந்த பெண்மணி அவ்வளவு நன்றாகப் பாடுவாராம், ஹேஸ்டிங்ஸில் இருந்த நியூ பெத்தேல் தேவாலயத்துக்கு அத்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போனவரும் அவர்தான். சி. எல். ஃபிராங்க்ளின் பிரசங்கம் செய்த சபை. அவர் மகள், பின்னாளில் பெரிய பாடகியான அரீதாவுக்கும் அத்தைக்கும் ஒரே வயது, 1950 ஏப்ரலில் இரண்டு பேருக்கும் எட்டு. தன் அப்பாவின் வரி வந்தபோது, "வார்ப்படப் பட்டறை, 40 மணி நேரம்" என்று கேட்டதும் அத்தை அழுதுவிட்டார். அந்த உழைப்பு தாளில் ஏறியிருக்கிறது என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

அதே வீட்டில் ஒருவர் இருந்தார். அத்தை அவரை வாழ்நாள் முழுக்க மாமா என்றுதான் சொல்வார். தாளில் அவர் உறவு "லாட்ஜர்", அதாவது வாடகைக்குத் தங்கியிருந்தவர். என் கணவருக்கு ஆச்சரியம். அத்தைக்கு ஆச்சரியமே இல்லை. "இரண்டும்தான்" என்றார்.

வம்சாவளி தேடுகிறவர்கள் எல்லோரும் மேலே மேலே போகத்தான் பார்க்கிறோம். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று. நானும் அத்தைக்கு வேண்டியது அதுதான் என்று எண்ணியிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது பக்கவாட்டில் இருந்தவர்கள். இடது வீடு, வலது வீடு, எதிர் வீடு. இரத்தத்தில் யாரும் இல்லை, எந்தக் குடும்ப மரத்திலும் அவர்களுக்குக் கிளை கிடையாது. ஆனால் அந்தத் தெரு இருந்தது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. இதைப் புரிந்துகொண்டு ஒரு முழுத் தாளையும் படிக்க அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த மனதை என்ன சொல்லி நன்றி கூறுவது?

மேலே போகும் வழியும் அதே தாளில்தான் கிடைத்தது. பக்கத்துக்கு ஆறு வரிகள் 'சாம்பிள்', அதாவது மாதிரிக்கு எடுத்த வரிகள். அந்த வரியில் விழுந்தவர்களிடம் மட்டும் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள்: போன வருடம் இதே நேரம் எங்கே வசித்தீர்கள், எது வரை படித்தீர்கள் என்று. அத்தையின் பாட்டி அதற்கு முந்தைய வருடத்தில்தான் தெற்கிலிருந்து வந்து சேர்ந்தவர். அவர் சரியாக மாதிரி வரியில் விழுந்திருக்கிறார். மூன்றாம் வகுப்பு. அலபாமா, லவுண்ட்ஸ் கவுண்டி.

அலபாமா என்பது மட்டும்தான் இத்தனை நாளும் இந்தக் குடும்பத்துக்குத் தெரியும். லவுண்ட்ஸ் எப்படிப்பட்ட இடம் என்று அன்றிரவு படித்தேன். 1960-களில் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 மார்ச் தொடங்கும்போது வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பாட்டி எழுபது வயதுக்கு மேல் ஏன் மண்ணை விட்டு வந்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எனக்குக் கேட்கவும் தேவைப்படவில்லை. இனி 1940, 1930 என்று பின்னால் போகலாம், 1870 வரை. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற மக்கள் அத்தனை பேரும் முதல் முறையாகப் பெயரோடு எழுதப்பட்ட கணக்கெடுப்பு அது. அதற்கு முந்தைய 1860, 1850 அடிமை அட்டவணைகளில் வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். உடைமைக்காரர் பெயருக்குக் கீழே, பெயரில்லாத வரிகள். அங்கே போய் முட்டத்தான் போகிறோம். முட்டும்வரை போவோம்.

மற்றவர்களையும் சொல்லாமல் விடக் கூடாது. டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் தொகுப்பில் உதவிய பெண்மணிக்கு: இடிப்பதற்கு முன் நகராட்சி அங்கிருந்த வீடுகளைப் படம் எடுத்து வைத்திருந்தது, அதில் அத்தையின் வீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். இடிப்பதற்காக எடுத்த படம் இன்று எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. தேவாலயத்தில் அடக்க ஆராதனைத் தாள்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த மூத்த சகோதரிகளுக்கு: பைபிளோடு போன பிறந்த நாள்களில் பல அந்தத் தாள்களிலிருந்துதான் திரும்பின. செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973-ல் நடந்த தீ விபத்தில் மாமனாரின் ராணுவக் கோப்பு எரிந்திருக்கலாம் என்று தெரிந்தும், பழைய சம்பளச் சீட்டுகள் வழியாகவாவது பார்க்கலாம் என்று விடாமல் விண்ணப்பம் போட்டுத்தந்தவருக்கு. ராத்திரி ஷிப்டில் அத்தையின் தலையைப் பின்னிவிட்ட நர்ஸுக்கு. ரசம் கொண்டுவந்த எல்லோருக்கும். அத்தைக்கு இப்போது மிளகு ரசம் இல்லாமல் முடியவில்லை.

நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். ஞாயிறு மதியங்களில் இனி எங்கள் போனும் யாருக்காவது தாள் படிக்கும். அந்த வட்டத்தின் மற்ற தாள்களையும் இறக்கி வைத்துவிட்டேன். பிளாக் பாட்டத்தில் வளர்ந்து எண்பதைத் தாண்டியவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ பேர். உங்கள் பக்கத்து வீட்டிலோ, நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலோ அப்படி யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தெருவும் வீட்டு எண்ணும் போதும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன் என்கிறார்.

ஐயா, கடைசியாக உங்களுக்கு ஒரு செய்தி. இருபத்திரண்டாவது வரியில், "மன்னிக்க வேண்டும் அம்மா, இங்கே மை பரவிவிட்டது" என்று நீங்கள் விட்டுவிட்ட பெயர் அத்தைக்கு நேற்று காலை நினைவு வந்துவிட்டது. அது ஆண் பெயர் இல்லை, பெண் பெயர். தையல் மெஷின் வைத்திருந்தவராம், அத்தையின் ஈஸ்டர் கவுன் அவர் தைத்ததாம். அவருடைய பிள்ளைகள் எங்காவது இருக்கக்கூடும், அதனால் பெயரை இங்கே எழுதாமல் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெயர்ப்பட்டியலில் திருத்தத்தையும் கொடுத்துவிட்டேன். இனி அந்தக் குடும்பத்தில் யார் தேடினாலும் கிடைப்பார்.

நன்றியுடன்,
உங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த வீட்டு மருமகள்