கரும்புக்குச் சட்டம் இருக்கிறது, வெட்டுகிறவருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரும்பு விலை பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். நானும் ஆலைக்குப் பதிவு செய்து கரும்பு அனுப்புகிறவன்தான், விலை கூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தச் செய்திகளில் விவசாயி வருகிறார், ஆலை வருகிறது, இரண்டு அரசுகளும் வருகின்றன, கரும்பை வெட்டி சோகை (காய்ந்த தோகை) கழித்து கட்டு கட்டி லாரியில் ஏற்றுகிற ஆள் மட்டும் வருவதே இல்லை. அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் விளைச்சலுக்கு 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் மத்திய அரசு விலை அறிவித்தாக வேண்டும். 2025-26 பருவத்துக்கு சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கிற சர்க்கரையின் அளவு, 10.25 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 3,550 ரூபாய், 9.5க்குக் கீழே போனாலும் 3,290 ரூபாய் 50 காசுக்குக் குறையக் கூடாது. அதற்கு முந்தைய பருவத்தில் மாநில அரசு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததால் நமக்கு 3,500 வந்தது. கரும்பு இறக்கிய 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இதை ஆலைகள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை, அது வேறு சண்டை. ஆனாலும் சண்டை போட எங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

வெட்டாள் கையில் என்ன இருக்கிறது? பருவம் தொடங்கும் முன்னாலேயே வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி வீடு தேடி வந்து முன்பணம் கொடுத்துவிடுவார். மழைக்காலத்தில் வேலையில்லாத குடும்பம், கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கிய அன்றே அந்தப் பருவம் முழுக்க அவர்கள் உழைப்பு எழுதிக் கொடுக்கப்பட்டாயிற்று. அப்புறம் பிள்ளைகளோடு வந்து வயலோரம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தங்க வேண்டியதுதான், பள்ளிக்கூடம் அந்த வருஷத்துக்குப் பாதியிலேயே நின்றுபோகும். கூலி டன் கணக்கு, ஆனால் எடை போடுவது ஆலையில், நோட்டு இருப்பது மேஸ்திரியிடம். வாராவாரம் அரிசி பருப்புக்குக் கொடுத்தது, முன்பணத்துக்குப் பிடித்தது, வேலைக்கு வராத நாளுக்குக் கழித்தது எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று பருவம் முடியும்போது அவர் சொல்வதுதான் கணக்கு. பல குடும்பங்கள் கடனோடுதான் ஊர் திரும்புகின்றன, அந்தக் கடனுக்காகவே அடுத்த பருவமும் அதே மேஸ்திரியிடம் வருகின்றன.

1976லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டாயிற்று. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் அந்தச் சட்டப்படி அது குற்றம். கரும்பு வெட்டு, மரம் வெட்டு, செங்கல் சூளை என்று வட மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள். மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும், ஆனால் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று அறிவித்திருக்கிற முழு மறுவாழ்வுத் தொகையை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு எப்போது முடிந்து, பணம் எப்போது வரும்? புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்று 1979இல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் மாநில எல்லை தாண்டிப் போகிறவருக்குத்தான், இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் எல்லை தாண்ட வேண்டும் என்ற அந்த நிபந்தனை மாறவில்லை. விழுப்புரத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகிற குடும்பம் அதில் சேராது.

ஒரு வெட்டாளைப் பாம்பு கடித்தால், அரிவாள் காலில் இறங்கினால் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். அவர் எங்கள் ஆள் இல்லை என்று ஆலை சொல்லும். நான் மேஸ்திரியிடம்தான் பேசினேன் என்று விவசாயி சொல்வார். நான் வெறும் இடைத்தரகன் என்று மேஸ்திரி சொல்வார். ஆனால் எந்த வயலை எந்த நாளில் வெட்ட வேண்டும் என்று கட்டிங் ஆர்டர் போடுவது ஆலை. வெட்டி நாளானால் கட்டுமானம் குறையும் என்று விரட்டுவதும் ஆலை. வேலையை நடத்துகிறவர் முதலாளி இல்லையென்றால் வேறு யார் முதலாளி?

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். பல இடங்களில் கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒரே கூலிக்கணக்கில் வைத்து, பணத்தை ஆண் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மகாராஷ்டிராவில் அந்த ஜோடிக்குக் கொய்தா என்றே பெயர், அதாவது அரிவாள். அங்கே பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் 2019இல் கணக்கெடுத்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. மாதவிலக்கு நாளிலும் லீவு கிடையாது, வராவிட்டால் அபராதம், வலி என்று போனால் மருத்துவர் கத்தியை எடுக்கிறார். அந்த மாநிலத்து ஆலைகளின் சர்க்கரை கோக், பெப்சி குளிர்பானங்களுக்குப் போவதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. படித்துவிட்டு எனக்கு நெஞ்சு பதறியது. இங்கே அப்படி ஒரு கணக்கெடுப்பாவது நடத்த வேண்டாமா?

இதைப் பேசினால் எங்கள் ஆட்களே கோபப்படுகிறார்கள், வெட்டுக்கூலியை விவசாயிதானே கொடுக்கிறான், இன்னும் ஏற்றினால் தாங்குவானா என்று. நியாயமான கேள்வி. ஆலை வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் விலைதான் நமக்கு நிர்ணயிக்கப்படுகிறது, வெட்டும் வண்டியும் நம் செலவு. அதனால் விவசாயி தலையில் மட்டும் கட்டச் சொல்லவில்லை, சர்க்கரையை வாங்கி லாபம் பார்க்கிறவரும் தரட்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் இம்மோகாலி ஊர்த் தக்காளி பறிப்பவர்கள் இதைத்தான் சாதித்தார்கள். பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, தொழிலாளியைக் கொடுமைப்படுத்தும் பண்ணையில் வாங்காதே என்று டாக்கோ பெல் என்ற உணவக நிறுவனத்தை எதிர்த்துப் புறக்கணிப்பு நடத்தி 2005இல் வென்றார்கள். பிறகு மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், 2014இல் வால்மார்ட் வரைக்கும் கையெழுத்துப் போட்டன. வெறும் நன்னடத்தை அறிக்கையாக விடாமல் மீறினால் வியாபாரம் போய்விடும் என்று ஒப்பந்தமாகப் போட்டதால்தான் அது நிலைத்தது. நம் ஊரிலும் நடந்திருக்கிறது: 2022இல் திண்டுக்கல்லில் ஆடைத் தொழிலாளர் சங்கம் எச் அண்ட் எம் முதலான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. ஆடைக்கு முடிந்தது சர்க்கரைக்கு முடியாதா?

நான் கேட்பது இதுதான். வெட்டுக்கூலிக்கும் அரசே டன்னுக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கட்டும். அந்தப் பணம் மேஸ்திரி கைக்குப் போகாமல் ஒவ்வொரு ஆளின் வங்கிக் கணக்குக்கும், பெண்ணுக்குத் தனியாக, அதே 14 நாளுக்குள் போகட்டும், தாமதித்தால் அதே வட்டி. எடைச்சீட்டின் நகல் வெட்டாளுக்கும் வேண்டும். விபத்துக்கு ஆலை பொறுப்பேற்க வேண்டும். மகாராஷ்டிராவில் ஆலைகளிடம் டன் கணக்கில் பணம் வசூலித்து வெட்டாள் நல வாரியம் நடத்துகிறார்கள், அதை இங்கேயும் கொண்டுவரலாம். மெஷின் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறவர்கள் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வயல்களில் அதை இறக்கிக் காட்டட்டும், அதுவரை மனிதர்கள்தான் வெட்டப்போகிறார்கள்.

சர்க்கரைத் துறையும் தொழிலாளர் துறையும் அடுத்த அரவைக்கு முன்பணம் கைமாறும் முன்பே ஆலைகளை அழைத்துப் பேச வேண்டும், ஏனென்றால் அது கைமாறிய பிறகு எந்த உத்தரவும் வெட்டாள் வரை போய்ச் சேராது. ஆலையின் பதிவுப் படிவத்தில் சர்வே எண், ரகம், நட்ட தேதி, கட்டைக்கரும்பா புதுநடவா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வெட்டுகிறவர்களின் பெயரும் வங்கிக் கணக்கும் எழுத அதில் இடம் ஒதுக்குவதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.