அனுமதிக்கு முன் அயற்காணிக்காரருக்கு அறிவித்தல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கிராமங்களில் அரிசி ஆலை, மரக்காலை, தொலைத்தொடர்புக் கோபுரம் போன்றவற்றை அமைக்கப் பிரதேச சபையிடம் அனுமதி கோரப்படும்போது, வேலிக்கு மறுபுறம் குடியிருப்பவர்கள் அத்திவாரம் வெட்டப்பட்ட பின்னரே அதை அறிகின்ற நிலை தொடர்கிறது. எங்கள் ஊரிலும் அண்மையில் ஓர் அரிசி ஆலை இவ்வாறே எழுந்தது. ஆட்சேபனை தெரிவிக்கச் சென்றவர்களுக்கு, அனுமதி ஏற்கனவே வழங்கப்பட்டுவிட்டது என்ற பதிலே கிடைத்தது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்துகள் கோரப்பட வேண்டும். ஆனால் ஊர்மனைக்குள் வரும் சிறிய ஆலைகள் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டினுள் அடங்குவதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கூறுகின்றனர். விண்ணப்பம் ஒன்று கொடுக்கப்பட்டிருப்பதே தெரியாதவர் எதைக் கேட்டு மனுக் கொடுப்பார்?

அயலவருக்கு அறிவிப்பது வெறும் மரியாதைக்காக அன்று. கோடையில் காணியைப் பார்க்க வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கண்ணுக்கு அது காய்ந்த மேட்டுநிலமாகவே தெரியும். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் எந்த வளவுக்குள்ளால் இறங்கி எந்தக் குளத்துக்குப் போகின்றது என்பதைப் பக்கத்துக் காணிக்காரரே அறிவார். நெல் ஊறவைத்த கழிவுநீர் தேங்கும் இடத்துக்கு அருகில் குடிநீர்க் கிணறு உள்ளதா, உமித்தூசி வீசும் பக்கத்தில் பாடசாலை உள்ளதா என்பனவும் வரைபடத்தில் எப்போதும் இருப்பதில்லை.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுத்தத்தால் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் இன்றும் வேறு மாவட்டங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் பலவற்றில் உரித்து மாற்றம் இன்னும் பதியப்படவில்லை. ஆகவே பதிவேட்டில் காணப்படும் பெயர் காலமானவருடையதாகவே இருக்கலாம். அந்தப் பெயருக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு அறிவித்தாயிற்று என்று கொள்வது எவருக்கும் பயன்தராது. அறிவித்தலைக் காணியின் வீதியோரத்தில் பலகையாக நாட்டுவதுடன், கிராம அலுவலர் அலுவலகம், கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம் ஆகியவற்றிலும் ஒட்ட வேண்டும். அமைக்கப்படுவது என்ன, இயந்திரங்கள் எந்த நேரத்தில் இயங்கும், கழிவுநீர் எங்கே விடப்படும், ஆட்சேபனையை யாரிடம் எந்தத் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும் என்பன அதில் தெளிவான தமிழில் இருத்தல் அவசியம்.

இதனால் முதலீடு தாமதமாகும் என்ற அச்சம் எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. வங்கிக் கடன் எடுத்துக் கட்டடம் எழுப்பிய பின் முறைப்பாடுகளால் வேலை நிறுத்தப்படுவதை விட, அயலவரின் ஆட்சேபனைகளுக்காகத் தொடக்கத்தில் மூன்று வாரங்கள் பொறுத்திருப்பது தொழில் முனைவோருக்கும் நன்மையே.

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான எமது பிரதேச சபைகளின் உறுப்பினர்கள், அயற்காணிக்காரருக்கு அறிவித்தமைக்கான சான்று இணைக்கப்படாத விண்ணப்பங்களைப் பரிசீலனைக்கு எடுப்பதில்லை என்ற பிரேரணையை அடுத்த மாதாந்த அமர்விலேயே முன்வைக்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.