வீடுகளில் தீப் பாதுகாப்புச் சோதனை

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் வீடு வீடாகத் தீப் பாதுகாப்புச் சோதனை நடைபெறும் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர் ஒருவர் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன்:

1. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். 5 ஆண்டுகள் கடந்திருந்தால், வெடிப்பு எதுவும் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.
2. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, வெளியே வந்த பிறகே 1906 எண்ணை அழையுங்கள்.
3. மாடிப்படியில் உள்ள செருப்பு அலமாரிகளை அகற்றுங்கள். இரவில் புகை சூழ்ந்தால் நம் முதியவர்கள் இறங்குவதற்கு வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வீட்டு எண்ணுடன் இக்குழுவிலேயே பதில் தரவும்.

செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்