ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் கணக்கு

அன்பு மகளுக்கு,

சொதியில் எத்தனை கலோரி என்று அம்மாவிடம் கேட்டிருந்தாய். அவ போனை என்னிடம் தந்துவிட்டா. இரண்டு வரியில் தட்டிவிடுகிற விஷயம் இல்லை என்பதால் இருந்து எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

முதலில் நீ கேட்டது. ஒரு சட்டி சொதிக்குத் தடித்த தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றர் விட்டால் அதில் ஏறத்தாழ 200 கலோரி இருக்கும். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் எல்லாம் சேர்ந்து 30ஐத் தாண்டாது. தண்ணீரோடு அரை லீற்றர் வந்தால் ஓர் அகப்பை, அதாவது 75 மில்லிலீற்றர், 35 கலோரிதான். சொதிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரைத் தேங்காய் பிழிந்தோம் என்று அரைத் தேங்காயின் கலோரி முழுவதையும் எழுதிவிடாதே. கொழுப்பில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடும். தேங்காய்ப்பால் மா என்றால் சுகம். பக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், எத்தனை கிராம் கரைத்தாய் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

கலோரி எண்ணி மெலியலாமா என்பதுதான் உன் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். மெலியலாம். செலவழிப்பதைவிடக் குறையச் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ எண்ணுகிற இலக்கம் நீ நினைக்கிற அளவுக்குத் துல்லியமானது இல்லை. கணக்கில் ஒரு சதம் உதைத்தாலும் இரவிரவாக இருந்து தேடிப் பிடிக்கிறவள் நீ. அந்தக் குணத்தால்தான் சி.ஏ. சோதனையைத் தவறாமல் பாஸ் பண்ணினாய், இன்றைக்கும் ஆட்களிடம் பெருமையாகச் சொல்கிறேன். சாப்பாட்டுக் கணக்கு அந்த மாதிரிக் கணக்கு இல்லை, பிள்ளை. இதில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து எப்போதும் உதைக்கும். அதைத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஏன் உதைக்கிறது என்று சொல்கிறேன். மாப்பொருள் ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று எல்லாரும் பாவிக்கிற இலக்கங்கள் அற்வாட்டர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த சராசரிகள். எல்லாச் சாப்பாட்டுக்கும் அவை ஒரே மாதிரிப் பொருந்தாது. பாதாம்பருப்பு 28 கிராமில் 170 கலோரி அளவில் இருப்பதாக லேபல் சொல்லும். 2012இல் ஆட்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்தபோது உடம்புக்குக் கிடைத்தது 129தான், மிச்சம் செமிக்காமல் போய்விட்டது. லேபலிலும் அச்சொட்டான துல்லியம் இல்லை. அமெரிக்கச் சட்டமே அதில் நூற்றுக்கு 20 வரை வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிறது.

வீட்டுச் சமையலில் வருகிற பெரிய பிழை வேறு. அரிசியும் சோறும் ஒன்றல்ல. 200 கிராம் அரிசியில் 720 கலோரி. அது வெந்து 560 கிராம் சோறாக வந்தால் 100 கிராம் சோற்றில் 130. நீ 150 கிராம் சோறு நிறுத்துவிட்டு, போனில் கலோரி எண்ணுகிற அப்பில் 'அரிசி' என்பதைத் தொட்டால் 195க்குப் பதிலாக 540 என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இரவுச் சாப்பாட்டை விடுகிற ஆட்கள் உண்டு. அப்பில் இருக்கிற பதிவுகளில் பாதி யாரோ பாவனையாளர் தங்கள் பாட்டுக்கு எழுதிவிட்டவை. புட்டு என்று தேடினால் கேரளப் புட்டும் வரும், நம்முடைய புட்டும் வரும், தேங்காய்ப்பூ எவ்வளவு போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

கறிக்கு இப்படிச் செய். வெறும் சட்டியை மூடி இல்லாமல் நிறுத்து எடையை எழுதிவை. உள்ளே போகிற பச்சைச் சாமானை ஒவ்வொன்றாக நிறு. பருப்பு என்றால் 100 கிராம் மைசூர்ப் பருப்பு 350, தடித்த பால் 100 மில்லிலீற்றர் 200, தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40, வெங்காயம் 20, எல்லாம் 610. சமைத்து முடிந்ததும் சட்டியோடு நிறுத்து வெறும் எடையைக் கழி. 500 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 122. ஒரு கரண்டி 60 கிராம், 73 கலோரி. ஒரு கறிக்கு ஒருதரம் செய்தால் போதும், ஒவ்வொரு நாளும் செய்யத் தேவையில்லை. எண்ணெயை மட்டும் போத்திலில் இருந்து சரிக்காமல் கரண்டியால் அள. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கை கொஞ்சம் தாராளமாகப் போனால் உன் முழு நாள் கணக்கும் அதிலேயே பிழைத்துவிடும்.

கடைச் சாப்பாட்டை எண்ண வெளிக்கிடாதே. கொழும்பில் காலி வீதியில் இருக்கிற எந்தக் கடையின் சோற்றுப் பார்சலுக்கும் சரியான இலக்கம் கிடையாது. கொத்துறொட்டிக்குச் சுத்தமாகக் கிடையாது. றோல்ஸ் எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று பொரித்தவருக்கே தெரியாது. வழக்கமாக வாங்குகிற பார்சலின் சோற்றை ஒருநாள் மட்டும் நிறுத்துப் பார். பிறகு சாப்பிடத் தொடங்கும் முன்னமே பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, மீனையும் பருப்பையும் மரக்கறியையும் முழுவதும் சாப்பிடு. பாண் என்றால் கணக்குச் சுலபம். ஒரு இறாத்தல் 450 கிராம், கால் இறாத்தல் 112 கிராம், கிட்டத்தட்ட 300 கலோரி.

கந்தோர்த் தேத்தண்ணியைத்தான் ஒருவரும் எழுதுவதில்லை. முழுக் கொழுப்புப் பால்மா ஒரு குவிந்த மேசைக்கரண்டி 50 அல்லது 60 கலோரி, சீனி இரண்டு தேக்கரண்டி 40. மூன்று கோப்பை 300. சோற்றைக் குறைக்கிறதைவிட அதை வெறும் தேத்தண்ணியாக மாற்றுவது லேசு. மென்பானப் போத்திலில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். 2016இல் இருந்து போடுகிறார்கள், அதற்கு அப் தேவையில்லை.

கையில் கட்டியிருக்கிற மணிக்கூடு எரித்ததாகச் சொல்லும் கலோரியை நம்பாதே. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகையைச் சோதித்தார்கள். நல்லதே சராசரியாக நூற்றுக்கு 27 பிழை, மோசமானது 93. மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடந்தால் உன் எடைக்கு 100, 150க்குள்தான் வரும். நட, அது வேறு நன்மைகளுக்கு. அதற்காகக் கூட்டிச் சாப்பிடவும் வேண்டாம், சாப்பிட்டதற்குத் தண்டனையாக நடக்கவும் வேண்டாம்.

இனி நான் எழுத நினைத்த இடத்துக்கு வருகிறேன். நீ ஒருநாளைக்கு 1,000 என்று வைத்திருப்பதாகத் தம்பி சொன்னான். அவனைப் பேசாதே, நான்தான் துருவிக் கேட்டேன்.

உன் கணக்கை உனக்கே போட்டுக் காட்டுகிறேன். எடை 64 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர், வயது 31. மிஃப்லின் சூத்திரப்படி 10 தர 64, 6.25 தர 158, இரண்டையும் கூட்டி, 5 தர 31ஐயும் 161ஐயும் கழித்தால் 1,312. அது படுத்தே கிடந்தாலும் இருதயமும் ஈரலும் மூளையும் செலவழிக்கிற அளவு. கதிரையில் இருந்து வேலை செய்து, கொஞ்சம் நடக்கிற ஆளுக்கு 1,700 அளவு வரும். அதில் 300, 350 குறைத்து 1,350, 1,400இல் நின்றால் சரி. 1,200க்குக் கீழே டொக்டர் பார்க்காமல் ஒரு பெண்ணும் இறங்கக் கூடாது. நீ நிற்பது படுத்துக் கிடக்கிறவளுக்குத் தேவையானதிலும் கீழே.

மெலிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மவர்களுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 23இலேயே அவதானம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, உன் உயரத்துக்கு அது 57 கிலோ அளவில் வரும். பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. நம் வீட்டில் யார் யாருக்குச் சீனி வியாதி என்று உனக்குத் தெரியும், ஆகவே உன் எண்ணம் சரியானது. மண்டபத்தில் பெரியம்மா உன் உடம்பைப் பற்றிச் சொன்னதை வைத்துத் தொடங்கியிருந்தால் அந்தக் காரணம் பிழை. நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அவவின் வாய் எங்களுக்குப் புதிதா?

1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பட்டினி பற்றி ஒரு பரிசோதனை தொடங்கினார். சுகதேகிகளான 36 இளைஞர்கள், எல்லாரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள். நல்லாய் நடக்க வைத்து, ஆறு மாதம் ஒருநாளைக்கு 1,570 கலோரி அளவில் கொடுத்தார்கள். எடையில் நாலில் ஒன்று போனது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே குளிர் தாங்க முடியாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். கோப்பையில் இருப்பதைத் தண்ணீர் விட்டுப் பெருக்கி, மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். சிரிப்புக் குறைந்தது, சட்டென்று கோபம் வந்தது, ஆட்களோடு சேர்ந்து இருப்பதையே தவிர்த்தார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. சாப்பாடு போதாத மூளை அப்படித்தான் நடக்கும். உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை வாசித்துவிட்டு யோசி.

தராசு முள் நிற்கிறது என்று இன்னும் குறைக்காதே. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி, அதை வைத்து வகுத்தால் நாள் கணக்கு வரும் என்று 1958இல் இருந்து சொல்லி வருகிறார்கள். அது நேர்கோட்டில் போகாது. எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும், கை கால் தன்பாட்டில் ஆடுவது கூடக் குறையும். கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2011இல் போட்ட கணக்குப்படி, ஒருநாளைக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் முடிவில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி போவதற்கே ஏறத்தாழ ஒரு வருடம். 240 குறைத்தால் ஒரு வருடத்தில் 5 கிலோ. முதல் வருடத்துக்கு உனக்கு அது போதும், பிள்ளை. ஏன் இந்த அவசரம்?

காலையில் கக்கூசுக்குப் போய்வந்து, ஒன்றும் குடிக்க முன் நிறு. ஏழு நாள் எடையைக் கூட்டிச் சராசரி எடு, சராசரியைச் சராசரியோடு மட்டும் ஒப்பிடு. கருவாடு சாப்பிட்ட அடுத்த நாள் ஒரு கிலோ ஏறினால் அது உப்புப் பிடித்துவைத்த தண்ணீர். முதல் கிழமையில் மளமளவென்று இறங்கியதும் பெரும்பாலும் தண்ணீர்தான், ஏனென்றால் உடம்பு சேர்த்து வைக்கிற ஒவ்வொரு கிராம் கிளைகோஜன் என்ற மாப்பொருளோடும் மூன்று கிராம் அளவு தண்ணீர் இருக்கும்.

எண்ணுவதை ஒரு நாலு, ஐந்து கிழமைக்கு வைத்துக்கொள். ஓர் அகப்பை சோறு எவ்வளவு, ஒரு கரண்டி எண்ணெய் எவ்வளவு என்று கண் பழகட்டும். பிறகு அப்பை அழித்துவிடு. 2018இல் 609 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு பகுதிக்குக் கொழுப்புக் குறைத்து, மற்றப் பகுதிக்கு மாப்பொருள் குறைத்து. கலோரி எண்ணவே சொல்லவில்லை, மரக்கறியைக் கூட்டி, சீனியையும் தீட்டிய மாவையும் விடச் சொன்னார்கள். இரண்டு பகுதியிலும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்தது. புரதம் ஒருநாளைக்கு 70 கிராம் வரட்டும். முட்டை ஒன்றில் 6, சமைத்த மீன் 100 கிராமில் 22க்கு மேல், சமைக்காத பருப்பு 100 கிராமில் 24. அது இல்லாமல் மெலிந்தால் கொழுப்போடு தசையும் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிட் வேலை என்று சொல்கிறாய். மார்ச்சோடு கணக்கு வருடம் முடிந்து எவ்வளவு காலம், இன்னும் எந்தக் கம்பனிக்கு ஓடிட்? ராஜகிரியவில் இருந்து வெள்ளவத்தைக்கு வர ஞாயிறு காலையில் அரை மணித்தியாலம் போதும். கணக்குத் தெரியாத சாப்பாடு என்று வராமல் நிற்கிறாய் என்றால், இனி அம்மா சமைக்கிற ஒவ்வொன்றையும் நான் நிறுத்து எழுதித் தருகிறேன். எழுதாமலும் இருக்கிறேன், உனக்கு எது லேசோ அது. ஒரு நேரச் சாப்பாட்டால் ஒருவரும் கொழுப்பதில்லை. ஒரு கிழமைக்கு 21 நேரம், அதில் இது ஒன்று.

அம்மா கேட்கச் சொன்னதை நான் எழுதக் கூச்சப்படுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன். மாதாமாதம் வருவது ஒழுங்காக வருகிறதா? சாப்பாடு மிகக் குறைந்தால் முதலில் நிற்பது அதுதான், நின்றால் எலும்பு தேயத் தொடங்கும். மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டொக்டரிடம் போக வேண்டும். எழும்பும்போது தலை சுற்றுகிறதா? தலைமயிர் கொட்டினால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னர் சாப்பாட்டை இறக்கியதற்கு அது இப்போது காட்டுகிறது என்று எடுத்துக்கொள். சாப்பிடத் தொடங்கினால் திரும்ப முளைக்கும். வேகமாக மெலிகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல்லும் வரும், ஆகவே வலது பக்க விலாவுக்குக் கீழே நோவு இருந்தால் வாயு என்று விட்டுவிடாதே. என்னிடம் சொல்ல வெட்கம் என்றால் அம்மாவிடம் சொல், அவ என்னிடம் சொல்ல மாட்டா.

இந்தக் கிழமைக்குள் மூன்று இரத்தப் பரிசோதனை செய்வி. இரத்தக் கலங்களை எண்ணுகிற எஃப்.பி.சி., உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின், தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச். எந்த லாபிலும் எடுப்பார்கள், காசு நான் போடுகிறேன். முடிவை எனக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, டொக்டரிடம் காட்டு. இந்த மூன்றுக்கும் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா