கூரையும் ஜிங்க் கட்டியும்

ஈசூன்,
சிங்கப்பூர்.

அன்பு கேமரன் மலைக்காரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "தானா ராத்தாவில் ஒரு லேண்ட் ரோவர் கூரை சும்மா கிடக்கிறது, வேணுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இத்தனை நாள் பிடித்தது.

முதலில் வீட்டு விஷயம். என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தினமும் காலையில் புளோக்கைச் சுற்றி நடக்கிறாள், நான் பின்னால் போனால் "நீங்க மெதுவா வாங்க" என்கிறாள். பேரன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். எனக்குச் சர்க்கரை, வழக்கம்போல. உன் கண் அறுவை நல்லபடி முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நிறுத்தாதே, உன்னை எனக்குத் தெரியும்.

இப்போது நம்முடைய கிழவிக்கு, 78-ஆம் வருஷத்து லேண்ட் ரோவருக்கு வருகிறேன். மழை பெய்தால் ஓட்டுநரின் முட்டிமேல் சொட்டுகிறது என்று போன வருஷமே எழுதியிருந்தேன். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் இருப்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். மீதி நாளெல்லாம் புளோக்குக்குக் கீழே திறந்தவெளியில் நிற்கிறது. கூரை போட்ட நிறுத்துமிடத்தைவிட மாதம் 30 வெள்ளி குறைவு என்று நான்தான் அங்கே போட்டேன். வண்டிக்கு 45 நாள், மழைக்கு அப்படிக் கணக்கு ஏது?

சொட்டுவது முன்பக்கம், கண்ணாடிச் சட்டமும் கூரையும் சேரும் இடத்தில். அதனால் அங்கேதான் ஓட்டை என்று நினைத்து வெளியிலிருந்து சிலிகோன் போட்டேன். இரண்டு மாதம் நின்றது, மறுபடி சொட்டியது. இன்னொரு டியூப் போட்டேன். இப்படி நாலைந்து வருஷம் பூசிப் பூசி, விளிம்பு முழுக்க உளுந்து மாவு வழிந்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஒருவர் சொன்னார் என்று பக்கவாட்டில் மேலே இருக்கும் ஆல்பைன் கண்ணாடிகளின் ரப்பரை மாற்றினேன். 140 வெள்ளி போனது, சொட்டு போகவில்லை. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் விட்டேன். தண்ணீர் அடித்துப் பார்த்தோம், ஒழுகவே இல்லை என்று திருப்பித் தந்தார்கள். அன்று இரவு மழை, மறுபடி சொட்டு! பட்டறைக்காரன் பொய் சொல்கிறான் என்று நன்றாகத் திட்டினேன், மனசுக்குள்.

அவன் பொய் சொல்லவில்லை. போன மாதம் மச்சான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பேரனை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, ரப்பர் குழாயால் நானே தண்ணீர் விட்டேன். கீழேயிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணாக மேலே போனேன். உச்சியில் தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எது எங்கே நுழைகிறது என்றே தெரியாது. முன்விளிம்பில் பத்து நிமிஷம் விட்டும் உள்ளே ஒரு துளி இல்லை. கூரையின் பின்பக்கத்துக் காற்றுத்துளைக்குப் போனதும் "தாத்தா, இங்க!" என்று கத்தினான். அதன் ரப்பர் கருவாடு மாதிரி காய்ந்து வெடித்திருந்தது.

பின்னால் நுழைந்த தண்ணீர் முன்னால் ஏன் சொட்ட வேண்டும்? எங்கள் நிறுத்துமிடம் வடிகாலுக்காக லேசாகச் சரிந்திருக்கும், நான் எப்போதும் மூக்கைப் பள்ளத்தில் வைத்துத்தான் நிறுத்துவேன். உள்ளே வந்த தண்ணீர் கூரையின் உள்துணிக்கு மேலேயே ஊர்ந்து முன்னால் வந்துவிடும். பட்டறையின் தரை சமம். அங்கே நுழைந்த தண்ணீரைப் பின்பக்கத்து உள்துணியே குடித்திருக்கும், யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு ரப்பர் வாங்கிப் போட்டுவிட்டு உனக்கு நாலு வரி எழுதியிருப்பேன். சிலிகோனைச் சுரண்டி எடுத்தபோதுதான் வயிறு கலங்கியது. அடியில் கைப்பிடி கைப்பிடியாக வெள்ளைத் தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி. பெயின்ட் கொப்புளத்தை நகத்தால் குத்தினால் விளிம்பு அப்பளம்போல் ஒடிந்து கையோடு வந்தது.

1948-இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்புக்கு அலுமினியக் கலவையைப் போட்டார்கள். அலுமினியம் துருப்பிடிக்காது, கூரையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இத்தனை வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் கண்ணாடிச் சட்டம் எஃகு, போல்ட்டும் எஃகு. இரண்டு உலோகத்துக்கும் நடுவே தண்ணீர். உள்ளிருந்து வந்த ஈரம் வெளியே போக முடியாதபடி சிலிகோனால் மூடியது யார்? நான்தான்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் நீயும் நானும் எத்தனை கப்பலுக்கு ஜிங்க் கட்டிகளை வைத்துப் பற்றவைத்திருப்போம்! கடல் தண்ணீரில் ஜிங்க் கரையும், அதனால் எஃகு பிழைக்கும். டாக்கில் ஏறி வரும்போது பாதியாய்த் தேய்ந்திருக்கும் அந்தக் கட்டிகளைப் பார்த்து "பாவம், இது நம்மள மாதிரி" என்று நீ சொல்வாய். அதே வேலையை என் வண்டியில் அலுமினியம் செய்துகொண்டிருந்தது. கூரை தானே கரைந்து, சட்டத்தைத் துருவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. சட்டம் புதுசு மாதிரி இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் சொன்னேன், அவளுக்கு வரவில்லை.

இங்கே உபி வட்டாரத்தில் வயசான சீனர் ஒருவர் தகர வேலை செய்கிறார். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, வெல்டிங் முடியாது, அரித்த தகடு சூடு பட்டால் ஓட்டையாகும், மீதி நெளிந்துவிடும் என்றார். நாங்கள் நாலு பேர் கூரையைத் தூக்கி இறக்கினோம். முன்னால் நாலு விரல் அகலம் வெட்டி எடுத்து, புது அலுமினியப் பட்டையை உள்ளே கொடுத்து, நுனி மூடிய அலுமினிய ரிவெட் அடித்தார். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்று அவர் பையன் சொன்னான். போல்ட்டுக்குத் துருப்பிடிக்காதுதான், அது மறுபடி கூரையைத் தின்னும். ஜிங்க் பூசிய போல்ட், ஒவ்வொன்றுக்கும் நைலான் வாஷர், சட்டத்தின் மேல் முழு நீளத்துக்கு ரப்பர் பட்டை என்று கேட்டு வாங்கினேன். சிலிகோன் மேல் பெயின்ட் ஒட்டாது என்பதால் பாலியூரித்தேன் சீலன்ட்தான். காற்றுத்துளைகள் எல்லாவற்றுக்கும் புது ரப்பர். எல்லாம் சேர்த்து 900 வெள்ளி. திறந்தவெளியில் நிறுத்தி மிச்சம் பிடித்த 30 வெள்ளிகளில் முப்பது போய்விட்டது என்று அவள் கணக்குச் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியற்காலை சுமத்ரா காற்று மழையோடு அடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். முட்டி நனையவில்லை.

ஆகவே, முழுக்கூரை வேண்டாம். ஆனால் அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. அதற்கு மேலே இரண்டாவது தகடு, வெயிலுக்காகப் போட்டிருப்பார்களே, அது இருக்கிறதா பார். இருந்தால் அது மட்டும் எனக்கு வேண்டும், என்னுடையதில் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. முன்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், மொறுமொறுவென்றால் விட்டுவிடு. ஜூன் லீவில் பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறோம். என்ன வாங்கி வர வேண்டும் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. போன தடவை சொன்ன மீன் தலைக்கறி மசாலா தேக்காவில் வாங்கியாகிவிட்டது.

உன் பழைய கூட்டாளி