கெப்பாசிட்டர் துணை மின்நிலையத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின் இழப்பு என்றாலே கொக்கி போட்டுத் திருடுபவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். யாரும் திருடாமலேயே கம்பியில் சூடாகி வீணாகும் மின்சாரத்தைப் பற்றி எழுத ஆள் இல்லை. அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியின் சாம்பலைக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பார்த்து வரும் வடசென்னைக்காரனுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பட்டறைகளில் லேத்தும் வெல்டிங்கும். காசிமேட்டுப் பக்கம் ஐஸ் தொழிற்சாலைகள். அடுக்குமாடிகளில் தண்ணீர் மோட்டார்கள். மோட்டாரும் வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரும் இயங்கக் காந்தப்புலம் வேண்டும். அதற்கென்று ஒரு மின்னோட்டம் கம்பியில் வந்து வந்து திரும்புகிறது. அது வேலை எதுவும் செய்வதில்லை. கம்பியை மட்டும் சூடாக்குகிறது. மொத்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் பங்கு எவ்வளவு என்று காட்டும் எண்தான் பவர் ஃபேக்டர். அது 1 ஆக இருக்கும் நிலையோடு ஒப்பிட்டால், 0.8 இருக்கும்போது அதே வேலைக்கு 25 சதவீதம் கூடுதல் மின்னோட்டம் ஓடும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது 56 சதவீதம் கூடிவிடும். 0.8 என்பதை 0.95 ஆக்கினாலே அந்தக் கம்பியின் இழப்பு ஏறத்தாழ 29 சதவீதம் குறையும்.

இதைச் செய்வது, காந்தப்புலத்துக்கான அந்த மின்னோட்டத்தை அருகிலிருந்தே கொடுக்கும் கெப்பாசிட்டர் என்ற கருவி. ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துணை மின்நிலையத்துக்குள் வைத்தால் அங்குள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதற்கு மேலே உள்ள வழிகளுக்கும் சுமை குறையும். அங்கிருந்து நம் தெருவுக்கு வரும் 11 கிலோவோல்ட் மின்வழியான ஃபீடரில் பழைய இழப்பு அப்படியே தொடரும். ஃபீடர் நெடுகிலும் சுமை சமமாகப் பரவியிருந்தால், காந்தப்புலத்துக்கான மின்னோட்டத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள கெப்பாசிட்டரை, துணை மின்நிலையத்திலிருந்து ஃபீடர் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்று 1950-களிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அப்படி வைத்தால், அந்த வீண் மின்னோட்டத்தால் வரும் இழப்பில் ஒன்பதில் எட்டுப் பங்கு போய்விடும்.

நம் ஃபீடர்களில் சுமை அப்படிச் சமமாக இல்லை. கடைசியில் நான்கு பட்டறைகள் சேர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் பகலிலும் இரவிலும் அளந்து பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். இரவில் அளப்பது மிக முக்கியம். பட்டறைகள் மூடிய பிறகும் கெப்பாசிட்டர் முழுதாக இணைப்பில் இருந்தால் அந்த வீண் மின்னோட்டம் எதிர்த்திசையில் மிகுந்து, மின்னழுத்தம் ஏறி, இழப்பு வேறு வழியில் திரும்பி வரும். எப்போதும் இருக்கும் குறைந்தபட்சச் சுமைக்கு மட்டும் நிலையான கெப்பாசிட்டர், மீதிக்குத் தானாக இணைந்து விலகும் வகை என்பதே சரி. ராயபுரம் போன்ற நெரிசல் பகுதிகளில் மின்வழி பெரும்பாலும் புதைகேபிள். கேபிளே ஓரளவு கெப்பாசிட்டராக வேலை செய்யும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே கம்பத்தில் தொங்கவிட இடமும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்தில் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

வைத்ததோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடல் காற்றில் பெட்டி துருப்பிடிக்கிறது. ஒரு ஃபியூஸ் போய்விட்டால் விளக்கு அணையாது, புகாரும் வராது. அதனால் செத்துப்போன கெப்பாசிட்டர் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பவர் ஃபேக்டர் குறைந்தால் வரும் அபராதத்துக்குப் பயந்து கெப்பாசிட்டர் வாங்கி மாட்டும் பட்டறைக்காரர்களும் அதற்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு ஃபேஸிலும் மின்னோட்டம் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

ஃபீடர் வாரியாகப் பவர் ஃபேக்டரை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்று பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறைகள் நிறைந்த ஃபீடர்களிலிருந்து, இந்தக் கோடைக்கு முன்பே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.